வம்பயர்: மட்டக்களப்புக் கடலில் முடிந்த ஒரு நாசகாரிக் கப்பலின் கதை

கிழக்குக் கரையில் வயது போனவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால், ஒரு காலத்தில் "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். அந்த வருசம் 1942. குண்டு விழுந்தது கொழும்பிலும் திருகோணமலையிலும் என்பது பாடப் புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும். அதே கிழமையில் மட்டக்களப்புக்கு நேரே உள்ள கடலிலும் ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்தது. ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அங்கே தாண்டது என்பதையும் பலர் அறிவர். அதற்குக் காவலாக வந்து, அதே இடத்தில், சில நிமிடங்கள் பிந்தித் தாண்ட இன்னொரு கப்பலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வம்பயர் என்ற அந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலின் வரலாற்றை ஒழுங்காக அடுக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை என்னத்துக்கு நாம் எழுத வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கப்பல் எங்கள் நாட்டுடையதல்ல, சண்டையும் எங்களுடையதல்ல. ஆனால் வம்பயரின் கடைசி ஐந்து மாதங்களைத் தொடர்ந்து பார்த்தால், யுத்தம் எந்த வழியாக எங்கள் வாசலுக்கு வந்தது என்பது தெளிவாக விளங்கும். ஹெர்மஸின் கதை மட்டும் அதைச் சொல்லித் தராது.

காவல்காரக் கப்பல்

நாசகாரி என்ற பெயரைக் கேட்டால் பயங்கரமான பெரிய கப்பல் ஒன்று மனதில் வரும். உண்மையில் கடற்படையில் அது சிறிய சாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோர்பிடோ வீசும் சிறு படகுகள் பெரிய போர்க்கப்பல்களுக்கு எமனாக மாறின. அந்தப் படகுகளை விரட்டி அழிப்பதற்கென்று கட்டப்பட்டவையே இவை. பெயரின் மூலமும் அதுதான். பின்னர் நீர்மூழ்கிகளை வேட்டையாடுவது, சரக்குக் கப்பல் தொடருக்கு வழித்துணை போவது, கடலில் விழுந்தவர்களைத் தூக்குவது என்று எல்லா வேலையும் இவற்றின் தலையில் விழுந்தது. மெல்லிய உடல், வேகமான ஓட்டம், கனமான கவசம் எதுவும் கிடையாது. பெரிய வீட்டு வாசலில் நிற்கும் காவல்காரனைப் போல, வீட்டுக்கு ஆபத்து வந்தால் முதலில் அடி வாங்குவது இதுதான்.

வம்பயர் முதலாம் உலக யுத்தத்தின் பிள்ளை. இங்கிலாந்தின் வைற் தீவில் உள்ள கௌஸ் துறையில் சாமுவேல் வைற் நிறுவனம் அதைக் கட்டியது. முதலில் வைத்த பெயர் வாலஸ். கட்டும்போதே அதை மாற்றி வம்பயர் என்றார்கள். 1917 மே மாதம் நீரில் இறக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானியக் கடற்படையில் சேவைக்கு வந்தது. 312 அடி நீளம், நாலு அங்குலப் பீரங்கிகள் நான்கு, டோர்பிடோக் குழாய்கள் ஆறு, மணிக்கு 34 கடல்மைல் வேகம். அந்தக் காலத்துக்கு அது நல்ல கப்பல்தான்.

1933 ஒக்டோபரில் பிரித்தானியா ஐந்து பழைய நாசகாரிகளை அவுஸ்திரேலியாவிடம் கையளித்தது. ஸ்டுவர்ட், வென்டெற்றா, வொயேஜர், வோட்டர்ஹென், வம்பயர் என்பன அவை. 1939 இல் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபோது இந்த ஐந்துக்கும் வயது இருபதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் அவற்றை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். ஜேர்மனியப் பிரசார வானொலி அவற்றைப் பழைய இரும்புக் குவியல் என்று நக்கலடித்தது. அவுஸ்திரேலிய மாலுமிகள் அதற்குக் கோபப்படவில்லை. அந்தப் பட்டத்தையே தங்கள் அணிக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். பழைய இரும்பு அணி என்ற பெயர் இன்றுவரை அவுஸ்திரேலியாவில் மரியாதையோடு சொல்லப்படுகிறது.

மத்தியதரைக் கடலில் வம்பயர் 1940 ஜூலை 9 இல் இத்தாலியக் கடற்படையுடன் நடந்த கலாப்ரியாச் சண்டையில் பங்குபற்றியது. கிரேக்கத்துக்குப் போன படைக் கப்பல்களுக்கு வழித்துணை போனது. லிபியாவின் தோப்ரூக் துறைமுகம் முற்றுகைக்குள் அகப்பட்டிருந்த காலத்தில், உள்ளே இருந்த படையினருக்கு இரவோடு இரவாகச் சாமான் கொண்டு போவதும் காயப்பட்டோரை ஏற்றி வருவதும் இந்த அணியின் வேலையாயிற்று.

அப்போது நடந்த ஒரு சம்பவத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1941 ஏப்ரல் நடுப்பகுதியில் வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் தோப்ரூக்கில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது விமானக் குண்டுக்கு இலக்காகியது. நகர முடியாமல் நின்ற அக்கப்பலிலிருந்து நானூறுக்கு மேற்பட்ட நோயாளிகளையும் தாதியரையும் வைத்தியர்களையும் எடுத்துக் காப்பாற்றியது வம்பயரின் அணிச் சகோதரியான வோட்டர்ஹென். இரண்டரை மாதம் போனது. 1941 ஜூன் இறுதியில் அதே தோப்ரூக் பாதையில் வோட்டர்ஹென் தாண்டது. வீற்றா திருத்தப்பட்டு மீண்டும் கடலுக்கு வந்தது. எங்கள் கதையிலும் அது வரும்.

சிங்கப்பூர்: 1941 டிசம்பர் 10

ஓடி ஓடிக் களைத்த வம்பயர் 1941 மே கடைசியில் மத்தியதரைக் கடலை விட்டு, திருத்த வேலைக்காகச் சிங்கப்பூருக்கு வந்தது. அங்கே நிற்கும்போதுதான் கிழக்கிலே யுத்தம் மூண்டது.

ஜப்பானைப் பயமுறுத்தி வைப்பதற்கென்று பிரித்தானியா இரண்டு பெருங்கப்பல்களைக் கிழக்குக்கு அனுப்பியிருந்தது. ஒன்று புத்தம் புதிய பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், மற்றது ரிபல்ஸ். பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் நவம்பர் இறுதியில் எங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டே சிங்கப்பூருக்குப் போனது. டிசம்பர் 8 பின்னேரம், மலாயாவில் இறங்கும் ஜப்பானியரைத் தடுப்பதற்காக அட்மிரல் டொம் பிலிப்ஸ் இவ்விரு கப்பல்களையும் நான்கு நாசகாரிகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனெடோஸ், வம்பயர் என்பன அந்த நான்கு. மேலே பாதுகாக்க ஒரு விமானம்கூட அவர்களோடு போகவில்லை.

டிசம்பர் 10 காலை, சைகோன் பக்கத்து விமானத் தளங்களிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் அவர்களைப் பிடித்தன. எண்ணெய் குறைந்ததால் டெனெடோஸ் முன்பே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பகல் 12.33 க்கு ரிபல்ஸ் கவிழ்ந்தது. ஒரு மணித்தியாலம் ஆவதற்குள் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸும் போய்விட்டது. அட்மிரல் பிலிப்ஸ் உட்பட 840 பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர்.

அவர்கள் தப்பியது தற்செயலல்ல. மூன்று சிறிய நாசகாரிகளும் எண்ணெய் மிதந்த கடலுக்குள் நின்று ஆட்களைத் தூக்கின. மீண்டும் விமானம் வந்தால் நிற்கின்ற கப்பல் தப்ப ஏலாது என்று தெரிந்தும் நின்றன. வம்பயர் மட்டும் 225 பேரைத் தூக்கியது. ரிபல்ஸின் கப்டன் வில்லியம் டெனன்றும் அவர்களில் ஒருவர். ஒரு சிறிய கப்பலின் மேல்தட்டில் தன்னுடைய ஆட்களுக்கும் மேலாக இரு நூற்றுக்கு அதிகமானோரைத் திணித்துக்கொண்டு அது சிங்கப்பூருக்குத் திரும்பியது.

எண்டாவ் இரவு

ஜனவரி மாதம் மலாயா கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. 1942 ஜனவரி 26 அன்று ஜப்பானியர் மலாயாவின் கிழக்குக் கரையில், எண்டாவ் என்ற இடத்தில் சாமான் இறக்குவதாகத் தகவல் வந்தது. பகலில் அனுப்பிய பழைய விமானங்களில் பல திரும்பி வரவில்லை. அன்று இரவு வம்பயரையும் தானெற் என்ற இன்னொரு கிழட்டு நாசகாரியையும் அனுப்பினார்கள். வம்பயரின் கொமாண்டர் வில்லியம் மொரான் தாக்குதலை முன்நின்று நடத்தினார்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு குரூசரும் பல நாசகாரிகளும் நின்றன. நடுச்சாமம் தாண்டி நடந்த இருட்டுச் சண்டையில் வம்பயர் வீசிய டோர்பிடோக்கள் எதுவும் படவில்லை. தானெற் அடிபட்டுத் தாண்டது. வம்பயர் புகைத்திரை போட்டுக்கொண்டு, விடியலோடு தனியாகச் சிங்கப்பூருக்குத் திரும்பியது. பிரித்தானியருக்கு அது தோல்விதான். அதை வெற்றியாகச் சொல்லும் ஆதாரம் கிடையாது. ஆனாலும் இரண்டு பழைய கப்பல்களை இப்படி அனுப்ப வேண்டிய நிலைக்குப் பேரரசு வந்துவிட்டது என்பதை அந்த ஒரு இரவு காட்டிவிடுகிறது.

பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு முன்பே வம்பயர் அங்கிருந்து கிளம்பி இலங்கைப் பக்கம் வந்துவிட்டது. மார்ச்சில் ரங்கூனும் போனது. பர்மா அரிசியை நம்பி உலை வைத்த எங்கள் நாட்டில் அரிசிக்குப் பங்கீடு வந்தது இதனால்தான். சிங்கப்பூரில் தாண்ட கப்பலுக்கும் மட்டக்களப்பு வீட்டின் சோற்றுப்பானைக்கும் தொடர்பு இல்லை என்று நினைத்தவர்களுக்கு அந்த ஆண்டு பாடம் சொல்லிக் கொடுத்தது.

ஏப்ரல் 5: கொழும்பு

ஜப்பானின் அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளோடு வங்காள விரிகுடாப் பக்கம் வருகிறார் என்ற தகவல் மார்ச் இறுதியில் கிடைத்தது. பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் சோமர்வில் ஏப்ரல் 1 அளவில் தாக்குதலை எதிர்பார்த்துக் கடலில் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் குறைந்ததால் மாலைதீவின் அட்டு தீவுக்கூட்டத்தில் இரகசியமாக அமைத்திருந்த தளத்துக்குக் கப்பல்களைக் கொண்டு போனார். ஆபத்து நீங்கிவிட்டது என்ற எண்ணத்தில் சிலவற்றைப் பிரித்தும் அனுப்பினார். டோர்செற்ஷயர், கோர்ன்வோல் ஆகிய இரு குரூசர்கள் கொழும்புக்கு வந்தன. ஹெர்மஸும் வம்பயரும் திருகோணமலைக்கு வந்தன. அடுத்து நடக்கவிருந்த மடகஸ்கார் படையெடுப்புக்கு ஹெர்மஸ் ஆயத்தமாக வேண்டியிருந்தது.

ஏப்ரல் 4 பின்னேரம், கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா விமானம் ஒன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதை ஓட்டிய கனடியரான லெனார்ட் பேர்ச்சல் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பு தாக்கப்பட்டது. அங்கொடை மனநல வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. நகரத்துச் சனம் உள்ளூர்களுக்கு அள்ளுண்டு போனது. அதே நாள், தீவுக்குத் தென்மேற்கே கடலில் இரு குரூசர்களும் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர்.

அன்று கொழும்பில் தாண்ட கப்பல்களில் ஒன்று டெனெடோஸ். டிசம்பரில் எண்ணெய் குறைந்து திரும்பியதால் தப்பிய அதே டெனெடோஸ்தான். எலெக்ட்ரா பெப்ரவரியில் யாவாக் கடற்சண்டையில் போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து சேர்ந்து புறப்பட்ட நான்கு நாசகாரிகளில் மிஞ்சியவை எக்ஸ்பிரஸும் வம்பயரும் மட்டுமே.

ஏப்ரல் 9: மட்டக்களப்பு

ஜப்பானியக் கடற்படை திருகோணமலையை நோக்கி வருவதாக ஏப்ரல் 8 இல் மீண்டும் தகவல் வந்தது. துறைமுகத்தில் நிற்பது ஆபத்து என்பதால் கப்பல்களை வெளியே போகச் சொன்னார்கள். ஹெர்மஸும் வம்பயரும் அன்றிரவு புறப்பட்டுக் கரையோரமாகத் தெற்கே வந்தன. ஹெர்மஸ் பெயருக்குத்தான் விமானந்தாங்கி. அதன் விமானங்கள் கரையில் விடப்பட்டிருந்தன. அன்று அதில் ஒரு விமானமும் இல்லை.

வியாழக்கிழமை, ஏப்ரல் 9 காலை ஏழரை மணியளவில் திருகோணமலையும் சீனன்குடாவும் தாக்கப்பட்டன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. அந்தச் சகாயிங்கின் உடலை எங்கள் கடற்படை 2018 இல் மேலே எடுத்ததைப் பத்திரிகைகளில் பலர் பார்த்திருப்பீர்கள். சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிகேன் விமானங்களில் ஏறத்தாழப் பாதி அந்தச் சண்டையிலேயே போய்விட்டன.

இதற்கிடையில், ஹருணா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் வேவு விமானம் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸைக் கண்டுவிட்டது. அது அனுப்பிய செய்தியைப் பிரித்தானியரும் இடைமறித்துக் கேட்டார்கள். உடனே திருகோணமலைக்குத் திரும்புமாறு ஹெர்மஸுக்குக் கட்டளை போனது. அங்கே விமானப் பாதுகாப்புக் கொடுக்கலாம் என்பது எண்ணம். இரு கப்பல்களும் வடக்கே திரும்பி ஓடின. ஆனால் காலைத் தாக்குதலில் செய்தித் தொடர்புகள் குழம்பியிருந்தன. ரத்மலானையிலிருந்து அனுப்பிய ஃபுல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பாற்ற ஹெர்மஸ் மிஞ்சியிருக்கவில்லை.

பத்தரை மணி கழிந்ததும் எண்பதுக்கு மேற்பட்ட குத்துக்கரண விமானங்கள் வந்தன. வானம் தெளிவாக இருந்தது. சூரியன் இருந்த பக்கத்தால் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக் குண்டு போட்டன. இருபது நிமிடத்துக்குள் ஹெர்மஸ் தாண்டது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் அதோடு போயினர்.

பிறகு விமானங்கள் வம்பயர் பக்கம் திரும்பின. 1917 இல் கட்டிய கப்பலிடம் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு இருந்த ஆயுதம் மிகச் சொற்பம். முதல் அடிகளிலேயே கப்பல் நின்றுவிட்டது. கப்பலைக் கைவிடுமாறு மொரான் கட்டளையிட்டார். தொடர்ந்து விழுந்த குண்டுகளில் உடல் இரண்டாகப் பிளந்து, பதினொரு மணி கழிந்த சற்று நேரத்தில் வம்பயர் கடலுக்குள் போனது. இறந்தோர் தொகை பத்துக்கும் குறைவு. அவர்களில் கொமாண்டர் மொரானும் ஒருவர்.

கடலில் நூற்றுக்கணக்கான ஆட்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். சிலர் கரைக்கு நீந்தினார்கள். சிலரை உள்ளூர்ப் படகுகள் எடுத்தன. பெருந்தொகையானோரை, ஏறத்தாழ அறுநூறு பேரை, அப்பக்கத்தால் வந்த ஒரு வைத்தியசாலைக் கப்பல் தூக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. அந்தக் கப்பலின் பெயர் வீற்றா.

தோப்ரூக்கில் வோட்டர்ஹென் காப்பாற்றிய அதே வீற்றாதான். ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், பழைய இரும்பு அணிக்குப் பட்டிருந்த கடனை மட்டக்களப்புக் கடலில் அது அடைத்தது. வரலாற்றில் இப்படிப் பொருந்தி வருவதை நாம் தேடிப் போய்ப் புனைந்தால் வாசகர் நம்பமாட்டார். இது புனைவல்ல.

பிறகு நடந்தவை

நகுமோவின் கடற்படை அன்றோடு திரும்பிப் போனது. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழுந்த ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் அன்று ஜப்பானியத் தலைமைக் கப்பலான அகாகியைத் தாக்கின. குண்டுகள் அருகில் விழுந்தனவே தவிர, படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. பிரித்தானியக் கடற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. இரண்டு மாதத்தில் மிட்வே சண்டை வந்தது. இலங்கைக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் அங்கே மூழ்கின. மிச்சம் இரண்டும் 1944 இல் போயின.

அவுஸ்திரேலியா 1959 இல் வம்பயர் என்ற பெயரில் புதிய நாசகாரி ஒன்றைச் சேவையில் சேர்த்தது. அது இன்று சிட்னித் துறைமுகத்தில் அரும்பொருட்கூடக் கப்பலாக நிற்கிறது. பிள்ளைகள் ஏறிப் பார்க்கிறார்கள். ஹெர்மஸின் உடல் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. வெளிநாட்டுச் சுழியோடிகள் பணம் கட்டி வந்து பார்க்கிறார்கள்.

எங்களிடம் என்ன இருக்கிறது?

இவ்வளவும் எழுதப்பட்ட வரலாறு. பிரித்தானியர் தங்கள் பதிவேடுகளில் எழுதினார்கள், அவுஸ்திரேலியர் தங்கள் கப்பலுக்கு எழுதினார்கள், ஜப்பானியரும் எழுதினார்கள். "உள்ளூர்ப் படகுகள் சிலரை எடுத்தன" என்ற அரை வரிதான் எங்கள் பங்கு. அந்தப் படகில் இருந்தவர்கள் யார், எந்த ஊரவர், எண்ணெயில் தோய்ந்து மூச்சு வாங்கிக் கிடந்தவனுக்கு யார் தண்ணீர் கொடுத்தது என்பதை அந்தப் பதிவேடுகள் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தத் தேவை எங்களுக்கு உண்டு.

ஆங்கிலேயன் எழுதாமல் விட்டான் என்று குறை சொல்வது லேசு. எண்பது வருசமாக நாமும் எழுதவில்லை. எங்கள் ஊர் வரலாறுகளைப் புரட்டிப் பார்த்தால், பள்ளிவாசல் கட்டிய ஆண்டு இருக்கும், பாடசாலை தொடங்கிய ஆண்டு இருக்கும், பெரிய மனிதர்களின் பெயர்கள் இருக்கும். கடலுக்குப் போய் வந்தவனின் ஒரு நாள் இருக்காது. கரையோர ஊர்களின் வரலாற்றில் கடலே இல்லாமல் போனது எங்கள் பக்கக் குறை.

காது கேட்ட சத்தத்தைச் சொல்லக்கூடியவர்கள் அனேகமாகப் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களிடம் போய்க் கேட்கலாம். கேட்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, கொழும்பு, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய மூன்று இடத்து நிகழ்வுகளும் ஞாபகத்தில் ஒன்றாகக் கலந்திருக்கும். நாளையும் நேரத்தையும் வைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரையில் நேரங்களைக் கொடுத்திருக்கிறேன். மற்றது, கதை சொல்பவர் தானாகக் கண்டதையும் கேள்விப்பட்டதையும் வேறாகக் குறிக்க வேண்டும். ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையை மனனம் செய்த சமூகத்துக்கு இந்த ஒழுங்கைப் புதிதாக யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கரைவலைச் சம்மாட்டியின் பேரன் ஒருவர், "எங்கட மூத்தவாப்பா வெள்ளக்காரன் ஒருத்தனைத் தூக்கின கத சொல்லுவார்" என்று சொன்னால், அதைச் சும்மா சிரித்துவிட்டுப் போகாமல் எழுதி வையுங்கள். ஊர், பெயர், படகின் வகை, காலையா பகலா, கரையில் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த அரை வரியை ஒரு முழுப் பக்கமாக்க அது போதும்.